திரெட்ரிப்பரா, எபிக்கா? குன்னூர்ல இருந்து ஒரு கேள்வி பதில்

குன்னூர்ல கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணி, ரிப்பேர் பண்ணி பொழைக்கிற ஆளுங்க நான். ஊட்டி, கோத்தகிரி, மசினகுடின்னு சுத்துப்பட்டுல பெரிய மெஷின் வாங்கணும்னு நெனைக்கிறவங்க இந்த ரெண்டு வருஷமா திரெட்ரிப்பர் ப்ராசஸர் வாங்கவா, எபிக் ப்ராசஸர் வாங்கவான்னு ஒரே கேள்விய போன்ல மாத்தி மாத்தி கேக்கறாங்க, பதில் சொல்லிச் சொல்லி தொண்ட காஞ்சுபோச்சு, அதனால மொத்தமா எழுதி வெச்சுட்டா லிங்க் அனுப்பிட்டு நான் பாட்டுக்கு வேலையப் பாப்பேன்ல.

அண்ணா, எத்தனையோ ப்ராசஸர் இருக்கு, ஏன் இந்த ரெண்ட மட்டும் ஒப்பிடறீங்க?

ஏன்னா கேக்கறவங்க கடைசில வந்து முட்டிக்கிட்டு நிக்கற எடம் இதுதான். ஒண்ணு ஏஎம்டிங்கற சிப் கம்பெனியோட திரெட்ரிப்பர் 7970எக்ஸ், 2023 நவம்பர்ல வந்துச்சு. இன்னொண்ணு அதே ஏஎம்டியோட எபிக் 9354பி, 2022 நவம்பர். முதல் ஆளு வொர்க்ஸ்டேஷனுக்கு, அதாவது முன்னால உக்காந்து வேலை பாக்கற பெரிய மெஷினுக்கு, ரெண்டாவது ஆளு சர்வருக்கு. ரெண்டுலயும் 32 கோர் (கணக்கு போடற மூளை), 64 திரெட் (ஒரே நேரத்துல ஓடற வேலை), ரெண்டும் ஜென் 4ங்கற ஒரே கோர் டிசைன். வெளியான அன்னிக்கு வெல 2,499 டாலர், 2,730 டாலர். பாத்தீங்களா, அக்கா தங்கச்சி மாதிரி பக்கத்து பக்கத்துல நிக்குது. அதான் கொழப்பமே.

ஒரே கோர், ஒரே எண்ணிக்கைன்னா வித்தியாசம் எங்கதாங்க இருக்கு?

கோர்ல இல்லீங்க. கோருக்கு டேட்டா எப்படி வந்து சேருது, கோர் எவ்ளோ வேகமா ஓடுது, இதுலதான்.

நம்ம ஊர் கணக்குலயே சொல்றேன். ரெண்டு தோட்டம், ரெண்டுலயும் 32 பேர் கொழுந்து பறிக்கறாங்க. முதல் தோட்டத்துல ஆளுங்க கை ரொம்ப வேகம், ஆனா எல எட போடற எடம் நாலுதான். ரெண்டாவது தோட்டத்துல கை கொஞ்சம் நிதானம், ஆனா எட போடற எடம் 12. எல கம்மியா வர்ற மாசத்துல முதல் தோட்டம்தான் ஜெயிக்கும், ஏன்னா வரிசைல நிக்க வேண்டியதே இல்ல. மழ பேஞ்சு எல கொட்டற மாசத்துல என்ன ஆகும்? கை வேகமா இருந்து என்ன பிரயோஜனம், மூட்டைய தலைல வெச்சுக்கிட்டு வரிசைல நிக்கணும்.

திரெட்ரிப்பர் 7970எக்ஸ்ல மெமரி சேனல், அதாவது ரேம்ல இருந்து ப்ராசஸருக்கு டேட்டா வர்ற பாதை 4, எபிக்ல 12. இதாங்க அந்த எட போடற எடம். திரெட்ரிப்பர்ல டிடிஆர்5 ரேம் 5200 வேகத்துல ஓடும், நாலு சேனலுக்கும் சேத்து கணக்கு போட்டா நொடிக்கு 166.4 ஜிபி. எபிக் 4800லதான் ஓடும், ஆனா 12 சேனல் இருக்கறதால 460.8 ஜிபி. ஏறக்குறைய மூணு மடங்கு.

கிளாக்ல, அதாவது கோரோட வேகத்துல, அப்படியே தலைகீழ். திரெட்ரிப்பர் பேஸ் (அடிப்படை வேகம்) 4 கிகாஹெர்ட்ஸ், பூஸ்ட் (உச்ச வேகம்) 5.3 வரைக்கும் போகும். எபிக் பேஸ் 3.25, பூஸ்ட் 3.8, அவ்ளோதான், அதுக்கு மேல கெஞ்சினாலும் ஏறாது.

இன்னொண்ணு, நெறைய பேர் கவனிக்காதது, எல்3 கேஷ், ப்ராசஸருக்குள்ளயே இருக்கற வேகமான குட்டி மெமரி. திரெட்ரிப்பர்ல 128 எம்பி, எபிக்ல 256 எம்பி. ஏன்னா திரெட்ரிப்பர்ல 8 கோர் இருக்கற சிப்லெட் (குட்டி சிப்) நாலு இருக்கு, எபிக் 9354ல சிப்லெட் எட்டு போட்டு ஒவ்வொண்ணுலயும் நாலு கோர மட்டும் ஓட விட்டிருக்காங்க. ஒவ்வொரு சிப்லெட்டும் 32 எம்பி கொண்டு வரும், அதனால கோருக்கு 4 எம்பிக்கு பதில் 8 எம்பி. பறிக்கறவங்க முதுகுல இருக்கற கூடை ரெண்டு மடங்கு பெருசுன்னு வெச்சுக்கோங்க. டேட்டாபேஸ், சிமுலேஷன் ஓட்டறவங்களுக்கு இது சும்மா கெடச்ச மாதிரி.

மத்த ஸ்பெக் எல்லாம் சட்டுனு சொல்லிடுங்க.

திரெட்ரிப்பர் 350 வாட், எஸ்டிஆர்5 சாக்கெட், 4844 காண்டாக்ட், டிஆர்எக்ஸ்50 போர்டு, ரேம் 1 டிபி வரைக்கும், பிசிஐஇ 5 லேன் (கார்டு, டிஸ்க் மாட்டற பாதை) 48 அதுபோக 4ம் தலைமுறை லேன் கொஞ்சம், ஓவர்கிளாக், அதாவது குறிச்ச வேகத்துக்கு மேல ஓட்டறது, பண்ணலாம். எபிக் 280 வாட், எஸ்பி5 சாக்கெட், 6096 காண்டாக்ட், ரேம் 6 டிபி வரைக்கும், பிசிஐஇ 5 லேன் 128, ஓவர்கிளாக் கெடையாது. பேர்ல கடைசில பி இருந்தா ஒரு சாக்கெட் போர்டுக்கு மட்டும்னு அர்த்தம், ரெண்டு ப்ராசஸர் போடற போர்டுன்னா பி இல்லாத 9354 வாங்கணும், அது 3,420 டாலர்னு வந்துச்சு. திரெட்ரிப்பர் எபிக் போர்டுல பொருந்தாது, எபிக் திரெட்ரிப்பர் போர்டுல பொருந்தாது, முயற்சி பண்ணாதீங்க, பின் வளைஞ்சா போர்டு போச்சு.

நான் ஊட்டில கல்யாண வீடியோ எடிட் பண்றேன். எதுண்ணா எனக்கு?

ரெண்டும் வேண்டாம். நெசமாத்தான் சொல்றேன்.

கேமரால இருந்து வர்ற 10 பிட் 4:2:2 ஹெச்.265 ஃபைல டைம்லைன்ல திணறாம ஓட்டறதுக்கு இன்டெல் சாதா டெஸ்க்டாப் ப்ராசஸர்ல இருக்கற குவிக் சிங்க்ங்கற வீடியோவுக்கான தனி அமைப்பு போதும், அது இந்த ரெண்டு பெரிய ஆளுங்கள்ட்டயும் கெடையாது. ரெண்டுலயும் உள்ளேயே கிராபிக்ஸும் இல்ல, தனி கார்டு போட்டே ஆகணும். ஒரு முகூர்த்த சீசன்ல 40 கல்யாணம் எடுத்தாலும் இந்தக் காசுக்கு கணக்கு கட்டி வராது. அந்தக் காசுல நல்ல லென்ஸ் ஒண்ணு வாங்குங்க.

8கே ரா, பெரிய கலர் கிரேடிங், விஎஃப்எக்ஸ்னு எறங்கறவங்க மட்டும் திரெட்ரிப்பர் பக்கம் பாக்கலாம். எடிட்டிங் சாஃப்ட்வேர் பலதும் எல்லா கோரையும் ஒரே நேரத்துல ஒழுங்கா இழுக்காது, ரெண்டு மூணு கோர்தான் மூச்சு வாங்கும், அப்போ 5.3க்கும் 3.8க்கும் இருக்கற வித்தியாசம் மவுஸ நகத்தறப்பவே தெரியும். எபிக் மேல உக்காந்து எடிட் பண்றது காட் ரோட்டுல லாரிக்குப் பின்னாடி போற மாதிரி, போய்ச் சேந்துடுவீங்க, ஆனா கடுப்பாகும்.

3டி ரெண்டர், பில்டிங் டிசைன்?

சிபியுலயே, அதாவது ப்ராசஸர்லயே ரெண்டர் பண்றீங்கன்னா திரெட்ரிப்பர். சீன் பெரும்பாலும் கேஷுக்குள்ளயும் ரேமுக்குள்ளயும் அடங்கிடும், சேனல் அகலம் பெருசா பேசாது, கிளாக்தான் பேசும். பேஸ் கிளாக மட்டும் வெச்சுப் பாத்தாலே 23 சதவீதம் முன்னாடி நிக்குது. ஜிபியுல, அதாவது கிராபிக்ஸ் கார்டுல ரெண்டர்னா ப்ராசஸர் பேச்சே அப்புறம்தான், எத்தனை கார்டு போடப்போறீங்கன்னு பாருங்க. 16 லேன் கார்டு மூணு போட்டா திரெட்ரிப்பரோட 48 லேன் காலி. நாலு, ஆறுன்னு போனா எபிக்.

வீட்லயே பெரிய ஏஐ மாடல் ஓட்டணும், ஜிபியு வாங்க காசு பத்தல. எது?

இப்ப வாரத்துக்கு ரெண்டு பேர் இதக் கேக்கறாங்க, எஞ்சினியரிங் பசங்கதான் அதிகம்.

இங்க எபிக், யோசிக்கவே வேண்டாம். லாங்குவேஜ் மாடல் ஒவ்வொரு டோக்கன் (சொல்லோட ஒரு துண்டு) துப்பறதுக்கும் பொதுவா மாடல் மொத்தத்தையும் ஒரு தடவ மெமரில இருந்து படிச்சு முடிக்கணும். 70 பில்லியன் அளவுரு இருக்கற மாடல 4 பிட்டுக்கு சுருக்கினா சுமார் 40 ஜிபி வரும்னு வெச்சுக்கோங்க. திரெட்ரிப்பரோட 166.4 ஐ 40ஆல வகுத்தா நாலு சொச்சம், அதாவது நொடிக்கு நாலு டோக்கன் தான் உச்சவரம்பு, எவ்ளோ கோர் சும்மா இருந்தாலும் சரி. எபிக்ல 460.8 ஐ வகுத்தா பதினொண்ணரை. இது காகிதக் கணக்கு, நெசத்துல ரெண்டுமே இதவிடக் கொறையும். ஆனா விகிதம் அப்படியேதான் நிக்கும்.

நீளமான கேள்விய உள்ள குடுக்கறப்ப, அதப் படிச்சு முடிக்கற அந்த முதல் கட்டம் மட்டும் வேற, அங்க கணக்கு போடற வேகம் வேணும், திரெட்ரிப்பர் கிளாக் அங்க கொஞ்சம் கை குடுக்கும். மொத்தத்துல எபிக்தான்.

எபிக் வாங்கிக்கறேன், ரேம் இப்போதைக்கு நாலு மட்டும் போட்டுக்கறேன், பரவாயில்லையா?

இந்தத் தப்ப மட்டும் பண்ணாதீங்க. கோத்தகிரில ஒருத்தர் எபிக் மெஷின் வாங்கி, 64 ஜிபி ஸ்டிக் நாலு போட்டு, மொத்தம் 256 ஜிபி இருக்கே அப்புறம் ஏன் ஸ்லோன்னு என்ன கூப்ட்டாரு. ஏன்னா நாலு சேனல் தானே ஓடுது. 4800 வேகத்துல நாலு சேனல்னா 153.6 ஜிபி, திரெட்ரிப்பரோட 166.4ஐ விடவே கம்மி. கிளாக்கும் கம்மி, சேனல் வேகமும் கம்மி, காசு மட்டும் அதிகம். 12 எடைக்காரங்க இருக்கற தோட்டத்துல எட்டு பேருக்கு லீவு குடுத்துட்டு வரிசை நீளுதேன்னு பொலம்பின மாதிரி.

சின்னச் சின்ன ஸ்டிக்கா பன்னெண்டு போடுங்க. 16 ஜிபி பன்னெண்டு போட்டா 192 ஜிபி, மொத்தம் கொஞ்சம் கம்மிதான், ஆனா வேகம் முழுசா வரும். அதனாலதான் வெல கேக்கறவங்கள்ட்ட ப்ராசஸர் வெலய தனியா பாக்காதீங்கன்னு சொல்றேன், எபிக்னா ரேம் பன்னெண்டு, திரெட்ரிப்பர்னா நாலு, அதையும் சேத்து கூட்டுங்க.

பழைய கம்ப்யூட்டர்ல இருக்கற டிடிஆர்5 ரேம கழட்டி மாட்டலாமா?

முடியாது. ரெண்டுக்குமே ரெஜிஸ்டர்ட் ரேம், ஆர்டிம்னு சொல்வோம், அதான் வேணும். டிடிஆர்5ல சாதா ரேமும் ஆர்டிமும் வெட்டு வேற எடத்துல இருக்கும், வோல்டேஜும் வேற. அழுத்திப் பாக்காதீங்க.

இசிசி அவசியமா? எனக்கு ஒரு தடவ கூட ரேம் எரர் வந்ததில்லையே.

இசிசின்னா ரேம்ல பிட் மாறினா கண்டுபிடிச்சு திருத்தற வசதி. எரர் வந்திருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்? இசிசி இல்லாத ரேம் சொல்லாது, அதான் பிரச்சனையே. ஃபைல்ல ஒரு பிட் மாறிடும், ஆறு மாசம் கழிச்சு படம் தெறக்காது, ஹார்ட் டிஸ்க திட்டிட்டு விட்ருவோம்.

இதுல நம்ம மலைக்கு ஒரு சம்பந்தம் இருக்கு. ஊட்டில டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோட காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இருக்கில்லீங்களா, கிரேப்ஸ்-3, 560 சதுர மீட்டர்ல மியூவான் டிடெக்டர் வெச்சிருக்காங்க, 2014 டிசம்பர்ல இடி மேகம் ஒண்ணுல 1.3 கிகாவோல்ட் வரைக்கும் இருந்ததா கணக்குப் போட்டு சொன்னது அவங்கதான். அண்டவெளில இருந்து வர்ற துகள் காத்து மண்டலத்துல மோதி, ஒடைஞ்சு, மழை மாதிரி கீழ எறங்குது, ஒசரம் ஏற ஏற தலைக்கு மேல காத்து கம்மி, அதனால மேட்டுப்பாளையத்த விட ஊட்டில அந்த மழை அதிகம். அதுல நியூட்ரான் மாதிரி ஏதாவது ஒண்ணு ரேம்ல பட்டா பிட் பொரளும். நம்ம ஊர் பூமியோட காந்த மத்தியரேகைக்குப் பக்கம் இருக்கறதால, நெறைய துகள் வெளியவே திரும்பிடுது, பயப்படற அளவுக்கு ஒண்ணுமில்ல. ஆனா 24 மணி நேரம் ஓடற, 192 ஜிபி ரேம் இருக்கற மெஷின்ல இசிசி இல்லாம ஓட்டறது தேவையில்லாத தைரியம்.

நல்ல விஷயம் என்னன்னா ரெண்டுமே இசிசி சப்போர்ட். டிடிஆர்5 எல்லாத்துலயும் உள்ள இசிசி இருக்குன்னு கடைக்காரர் சொன்னா, அது சிப்புக்கு உள்ள நடக்கற வேலைய மட்டும் பாத்துக்கும், வழியில நடக்கறதப் பாக்காது, ரெண்டும் ஒண்ணு இல்ல.

ஊட்டி குளிருக்கு சர்வர் ரூமுக்கு ஏசி எதுக்கு? கூலரே வேண்டாம்ல?

எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கேக்கற கேள்வி, ஆனா பதில் அவ்ளோ சுளுவு இல்ல.

குளிர் நமக்கு நல்லது, சரி. ஆனா காத்து மெலிசு. ஊட்டி 2240 மீட்டர், கடல் மட்டத்த விட சுமார் அஞ்சுல ஒரு பங்கு காத்தோட அடர்த்தி கொறவு, ஃபேன் அதே வேகத்துல சுத்தினாலும் அள்ளிட்டுப் போற சூடு கம்மி. சர்வருக்கு பொதுவா சொல்ற, ஆஷ்ரேங்கற அமைப்போட ஏ2 வெப்ப வரம்பு 10ல இருந்து 35 டிகிரி, 900 மீட்டருக்கு மேல ஒவ்வொரு 300 மீட்டருக்கும் மேல் வரம்புல ஒரு டிகிரி கழிக்கணும். ஊட்டிக்கு கழிச்சா முப்பதரை. நம்ம ஊர்ல வெயில் காலத்துலயே வெளிய அவ்ளோ ஏறாது, அதனால ஜன்னல் தெறந்த ரூம்ல ஏசி இல்லாம ஓட்டலாம். பூட்டி வெச்ச சின்ன ரூம்ல 350 வாட் ப்ராசஸரும் ரெண்டு ஜிபியுவும் ஓடினா அது ஹீட்டர், கணக்கு வேற.

நான் பயப்படறது மேல் வரம்புக்கு இல்ல, கீழ் வரம்புக்கு. 10 டிகிரிக்கு கீழ போகக் கூடாதுன்னு அதே வரம்புல இருக்கே, ஜனவரில உறைபனி விழறப்ப தகரம் போட்ட ரூம்ல என்ன இருக்கும்? ராத்திரி முழுக்க ஆஃப் பண்ணி ஜில்லுனு கெடந்த மெஷின காலைல ஆள் வந்து, டீ போட்டு, கதவ சாத்தி ஹீட்டர் போட்டதும் அந்த ஈரக்காத்து போய் மெட்டல் மேல தண்ணியா படியும். அப்பப் பாத்து ஸ்விட்ச் போட்டா முடிஞ்சுது. மஞ்சு வந்து மூடற சீசன்லயும் இதே கததான், மழை பெய்ய வேண்டியதே இல்ல, ஜன்னல் வழியா வந்து உக்காந்துக்கும். துரு புடிச்ச ரேம் காண்டாக்ட், பச்சை பூத்த போர்டு இதெல்லாம் கீழ கோயமுத்தூர்ல இருக்கறவங்க பாக்கறத விட நான் ரொம்பவே பாக்கறேன்.

அதனால சர்வர ஆஃப் பண்ணாம ஓட விடுங்க, அதோட சொந்த சூடே ஈரத்த வெளிய வெச்சுக்கும். வொர்க்ஸ்டேஷன தெனமும் ஆஃப் பண்ணுவீங்கன்னா காலைல ரூம் சூடாகி, ஒரு மணி நேரம் கழிச்சு ஆன் பண்ணுங்க. புதுசா வந்த பெட்டிய குளிர்ல இருந்து எடுத்துட்டு வந்து ஒடனே பிரிச்சு மாட்டாதீங்க.

கூலர் வாங்கறப்ப திரெட்ரிப்பருக்கு முழு மேல்தட்டையும் மூடற அளவு பெரிய பிளேட் இருக்கறதா பாத்து வாங்குங்க, சாதா டெஸ்க்டாப் லிக்விட் கூலரோட வட்டமான பிளேட் எல்லா சிப்லெட்டையும் மூடாது.

கரண்ட் பில் எவ்ளோ வித்தியாசம் வரும்?

ராவும் பகலும் முழு லோடுல ஓட்டினா 350 வாட் மாசத்துக்கு 252 யூனிட், 280 வாட் சுமார் 202 யூனிட். யூனிட் 8 ரூபான்னு வெச்சா மாசம் 400 ரூபா. ப்ராசஸர் மட்டும்தான், ரேம், ஃபேன், கார்டு தனி. திரெட்ரிப்பர் வேலைய சீக்கிரம் முடிச்சுட்டு தூங்கிடும், அதையும் பாக்கணும். இதுக்காக முடிவ மாத்தாதீங்க.

யூபிஎஸ்?

ஆன்லைன் யூபிஎஸ், சுத்தமான சைன் வேவ். வீட்டு ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர்ல இந்த மாதிரி மெஷின மாட்டாதீங்க. தென்மேற்கு பருவம் அடிக்கற ஜூன், ஜூலைல கற்பூர மரம் ஒண்ணு ஒயர் மேல விழுந்தா எப்ப கரண்ட் வரும்னு யாரும் சொல்ல முடியாது, அதனால யூபிஎஸ் வாங்கறது ஓட்டறதுக்கு இல்ல, ஒழுங்கா ஷட்டவுன் ஆகறதுக்கு. தானா ஷட்டவுன் ஆகற மாதிரி யூஎஸ்பி ஒயர மாட்டி செட் பண்ணுங்க, பத்துல ஒம்பது பேர் அந்த ஒயர அட்டைப்பெட்டிலயே விட்டுடறாங்க. எர்த்திங்கும் பாருங்க.

மசினகுடில ஒரு ரிசார்ட்டுக்கு, காட்டுக்குள்ள ஆராய்ச்சி ஸ்டேஷனுக்கு வைக்கணும். எது?

எபிக். இதுக்கு காரணம் வேகம் இல்ல.

எபிக் போர்டுகள்ல பெரும்பாலும் பிஎம்சின்னு ஒரு குட்டி சிப் தனியா இருக்கும், மெயின் மெஷின் ஆஃப் ஆனாலும் அது முழிச்சிருக்கும், அதுக்கு தனி நெட்வொர்க் போர்ட். அது வழியா குன்னூர்ல என் கடைல உக்காந்துக்கிட்டே ஸ்கிரீன பாக்கலாம், பயாஸ்குள்ள போலாம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாம், ஓஎஸ்ஸே புதுசா போடலாம். ஐபிஎம்ஐன்னு சொல்றது இதத்தான். டிஆர்எக்ஸ்50 போர்டுகள்ல பலதுல இது கெடையாது, வேணும்னா தேடிப் பிடிக்கணும்.

அருமை எப்பத் தெரியும்னா, ஒரு தடவ கேமரா ட்ராப் படம் லட்சக்கணக்குல சேத்து வெச்சு புலி, சிறுத்தைன்னு பிரிக்கற மெஷின் ஒண்ணு ராத்திரி தொங்கிடுச்சு. அது சாதா டெஸ்க்டாப், ஐபிஎம்ஐ இல்ல. அங்க இருக்கற பையன் போன் பண்ணி அண்ணா பவர் பட்டன அழுத்தணும்னா பக்கத்து பில்டிங்குக்கு நடக்கணும், வழியில யானை நிக்குதுன்னான். நானும் சரி வேண்டாம்னுட்டேன். காலைல யானை போனதுக்கு அப்புறம்தான் போய் அழுத்தினான், ஒரு ராத்திரி வேலை போச்சு. நான் நேர்ல போகணும்னா கல்லட்டி மலைப்பாதைல 36 ஹேர்பின் வளைவு.

முன்னால நாற்காலி போட்டு ஆள் உக்காரப் போறாங்களா, இல்ல மெஷின் தனியா இருக்கப் போகுதா? போன் பண்றவங்கள்ட்ட நான் முதல்ல கேக்கறது இதான். ஆள் உக்காந்தா திரெட்ரிப்பர், தனியா இருந்தா எபிக், முக்கால்வாசி பேருக்கு இங்கயே முடிவு வந்துடும்.

ஐபிஎம்ஐ போர்ட்ட மட்டும் நேரா இன்டர்நெட்ல விடாதீங்க, விபிஎன்னுக்கு பின்னாடி வைங்க. அப்புறம் கொரங்கு. கூரை மேல போற ஒயர இழுத்துட்டா ஐபிஎம்ஐ இருந்தும் பிரயோஜனமில்ல, பைப்புக்குள்ள விட்டுக் கொண்டு போங்க.

ஒரே சர்வர்ல இருபது முப்பது விஎம் ஓட்டணும்.

எபிக். விஎம்னா ஒரே மெஷினுக்குள்ள தனித்தனி கம்ப்யூட்டர் மாதிரி ஓடறது. ஒவ்வொரு விஎம்மோட மெமரியையும் தனித்தனி சாவி போட்டு பூட்டற எஸ்இவி-எஸ்என்பி அதுலதான் இருக்கு. சேனல் பன்னெண்டு இருக்கறதால ஒருத்தன் ஆடினா இன்னொருத்தன் திணற மாட்டான். பயாஸ்ல என்பிஎஸ் 4ன்னு வெச்சா மெமரி நாலு பங்கா பிரியும், பங்குக்கு மூணு சேனல், விஎம்ம ஒரு பங்குக்குள்ளயே கட்டிப் போட்டா தாமதம் கொறையும். இது தெரிஞ்சவங்க பண்ணுங்க, தெரியாட்டி 1லயே இருக்கட்டும்.

விண்டோஸ் லைசென்ஸ்?

விண்டோஸ் 11 ப்ரோ திரெட்ரிப்பர்ல ஜம்முனு ஓடும். விண்டோஸ் 64 திரெட்ட ஒரு குரூப்பா வெச்சுதான் பாக்கும், 32 கோர் சரியா அதுக்குள்ள அடங்குது, அதுக்கு மேல கோர் வாங்கறவங்கதான் சில பழைய சாஃப்ட்வேர்ல அவஸ்தப்படுவாங்க. எபிக்ல விண்டோஸ் சர்வர்னா லைசென்ஸே கோர் கணக்குல, 16 கோருக்கு ஒண்ணு, 32க்கு ரெண்டு மடங்கு. லினக்ஸ்னா இந்தத் தலைவலி இல்ல.

சத்தம் எப்படி?

திரெட்ரிப்பர நல்ல கேபினெட்ல வெச்சா டேபிளுக்கு கீழ வெச்சுக்கலாம். எபிக்க 1யூங்கற தட்டையான ரேக் சர்வரா வாங்கி பெட்ரூம்ல வெச்ச ஒருத்தர் சத்தம் தாங்காம மூணாவது நாள் கார் ஷெட்டுக்கு மாத்திட்டாரு.

தேயிலை ஃபேக்டரிக்கு, இல கணக்கு, பில்லிங், பத்து பேர் ஒரே நேரத்துல வேலை செய்யணும்.

ரெண்டும் வேண்டாம். ரைசன் 9 7950எக்ஸ் மாதிரி 16 கோர், 170 வாட், இசிசி ஒத்துக்கற போர்டா பாத்துப் போட்டா போதும், அதுவே அதிகம். சர்வர்னு பேர் இருந்தாத்தான் மொதலாளி ஒத்துப்பாருன்னா அதே ஏஎம்5 சாக்கெட்ல எபிக் 4004னு 2024 மே மாசம் விட்டாங்க, 16 கோர் வரைக்கும் இருக்கு, அத வாங்குங்க, பேரும் வந்துடும் காசும் மிஞ்சும்.

செகண்ட் ஹேண்ட் எபிக் பாதி வெலைக்கு வருதே?

நான் சூடுபட்ட கத சொல்றேன். போன தலைமுறை எபிக் ஒண்ணு ஆன்லைன்ல சல்லிசா வந்துச்சு, வாங்கி, போர்டு தனியா வாங்கி, மாட்டினா உயிரே இல்ல. ரேம மாத்தினேன், பவர் சப்ளை மாத்தினேன், போர்டு மேல சந்தேகப்பட்டு திருப்பி அனுப்பி வேற போர்டு வாங்கினேன், மூணு வாரம் போச்சு. கடைசில பாத்தா அந்த ப்ராசஸர் ஒரு பெரிய சர்வர் கம்பெனி மெஷின்ல இருந்து கழட்டினது, அவங்க பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட்னு சிப்புக்குள்ளயே ஃபியூஸ எரிச்சு அவங்க போர்டுக்கு மட்டும்னு பூட்டி வெச்சிருக்காங்க. ஒரு தடவ எரிஞ்சா எரிஞ்சதுதான். வித்தவர்ட்ட கேட்டா சிப் நல்ல சிப்தான் சார்ங்கறாரு, அதும் உண்மைதான்.

விக்கறவங்கள்ட்ட பூட்டு இல்லாததுன்னு எழுதி வாங்குங்க, வேற கம்பெனி போர்டுல ஓடற வீடியோ கேளுங்க.

திரெட்ரிப்பர் ப்ரோ, இன்டெல் ஜியான் இதெல்லாம் ஏன் சொல்லல?

ப்ரோ 7975டபிள்யூஎக்ஸ் இதுக்கு ரெண்டுக்கும் நடுவுல, 32 கோர், 8 சேனல், 128 லேன், 5.3 கிளாக்கும் இருக்கு. ஆனா 3,899 டாலர்னு வந்துச்சு. ஆசைப்பட்டா நல்ல ஆசைதான். ஜியான் டபிள்யூ-3400 வரிசைலயும் 8 சேனல், 112 லேன் உண்டு, ஏஎம்எக்ஸ்னு ஏஐ கணக்குக்கு தனி அமைப்பு இருக்கு, உங்க சாஃப்ட்வேர் அதப் பயன்படுத்துதுன்னா பாருங்க.

நாளைக்கு அப்கிரேட் பண்ண முடியுமா?

முடியும், ரெண்டுமே. எஸ்பி5 போர்டுல 2024 அக்டோபர்ல வந்த எபிக் 9005 வரிசைய பயாஸ் அப்டேட் பண்ணி போடலாம், 32 கோர்ல 9355ன்னு இருக்கு. போர்டுக்காரங்க அந்த அப்டேட் விட்டிருக்காங்களான்னு மட்டும் பாருங்க. டிஆர்எக்ஸ்50லயும் அதே மாதிரி 2025 ஜூலைல வந்த 9970எக்ஸ் ஒக்காரும், வெல மாத்தாம அதே 2,499 டாலர்லதான் விட்டாங்க. புதுசா வாங்கறவங்க இதையும் வெல விசாரிங்க, மேல சொன்ன சேனல் கணக்கு புதுசுலயும் அப்படியேதான், நாலு நாலுதான் பன்னெண்டு பன்னெண்டுதான்.

எல்லாம் மாட்டி ஆன் பண்ணிட்டேன். ஃபேன் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல. செத்துடுச்சா?

இல்லீங்க. ஆஃப் பண்ணாதீங்க. முதல் தடவ ஆன் பண்றப்ப மெமரி ட்ரெயினிங் நடக்கும், ஒவ்வொரு ஸ்டிக்கையும் தட்டிப் பாத்து டைமிங் பிடிக்கும், எபிக்ல பன்னெண்டு இருந்தா நிமிஷக் கணக்குல ஆகும், திரெட்ரிப்பரும் சட்டுனு வராது. நடுவுல பதறிப்போய் ஆஃப் பண்ணினா மறுபடி மொதல்ல இருந்து. போய் ஒரு டீ குடிச்சுட்டு, வர்க்கி கெடச்சா அதையும் தின்னுட்டு வாங்க. அரை மணி ஆகியும் வரலைன்னா ரேம் ஒண்ணே ஒண்ணு வெச்சு ட்ரை பண்ணுங்க, அப்பயும் வரலைன்னா ப்ராசஸர பிடிக்கற அந்த ஸ்க்ரூவ சரியா முறுக்கினீங்களான்னு பாருங்க, திரெட்ரிப்பர்னா டப்பால வந்த, முறுக்கு அளவு பாக்கற டார்க் டிரைவர்லயே டிக்னு சத்தம் வர்ற வரைக்கும். கொறஞ்சா கூட ரேம் பாதி காணாமப் போகும். அதும் சரியா இருந்தா கூப்டுங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு அப்புறம்.